ஆயிரத்து எட்டில் நின்ற முள்

ஜூன் 4

வாலுவின் அம்மாவுக்கு,

வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை உன் அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். புருஷனுக்கு முன்னால் அக்காவுக்குப் போன் போகிறது. போகட்டும். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை.

கடிதம்தான் எழுத வேண்டும் என்று நீ போட்ட சட்டம் நல்ல சட்டம்தான். போனில் மூன்றாவது நிமிடம் நான் குரலை உயர்த்துகிறேன், நான்காவது நிமிடம் நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தில் நான் கத்தினாலும் எழுத்து ஒரே அளவுதான்.

நீ கிளம்பிய மறுநாளே ஆஸ்பத்திரியில் ஆரம்பித்துவிட்டார்கள். ரிசப்ஷன் அம்மா, "என்ன சார், மேடம் திரும்பி வந்தா உங்களுக்கு மேலதிகாரியாமே? லீவு லெட்டர்கூட அவங்ககிட்டதான் கொடுக்கணுமாமே?" என்றாள். "வீட்டுல இருபது வருஷமா அப்படித்தானேம்மா, இனிமே சம்பளத்தோட" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கதிர் சிகிச்சைப் பிரிவில் பதினேழு வருட சர்வீஸ் எனக்கு, ஆறு வருடம் உனக்கு. வரப்போகிற புது இயந்திரத்துக்கு ஒருவரைத்தான் ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புவார்களாம், அவர்தான் பொறுப்பாளராம். இரண்டு பேரும் பரீட்சை எழுதினோம். உன்னை எடுத்தார்கள். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று தினமும் காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியைக் கேட்கிறேன். அது இதுவரை பதில் சொல்லவில்லை.

பழைய இயந்திரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. நம் பெரியவர் என் கையில் குழந்தை மாதிரி இருக்கிறார். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? ஹாஸ்டல் கட்டில் கயிறா, பலகையா?

வாலுவின் அப்பா


ஜூன் 13

என்னங்க,

நான் நன்றாக இருக்கிறேன். இடுப்பும் நன்றாக இருக்கிறது. கட்டில் பலகை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வாலு கணக்குப் பரீட்சை எப்படி எழுதினாள் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லியிருப்பாள்.

இருபத்திரண்டு பேர். நான்தான் வயதில் மூத்தவள். பக்கத்து மேசைப் பையன் முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றான். பட்டறையில் ஒரு முழு இயந்திரத்தை மூடியெல்லாம் கழற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆறு வருடம் வெளியிலிருந்து துடைத்த ஒன்றை இப்போதுதான் உள்ளே பார்க்கிறேன். எங்கள் ஆசிரியருக்கு நீளத் தாடி, அதனால் எல்லோரும் தாடி என்கிறோம். சாயங்காலம் அவர் இயந்திரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு கோளாறு வைத்துவிட்டுப் போவார். காலையில் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை குளிர்நீர்க் குழாய் வடிகட்டியில் பஞ்சு அடைத்திருந்தார். பதினோரு நிமிடத்தில் கண்டுபிடித்தேன். இதுவரை யாரும் அரைமணிக்குள் கண்டுபிடித்ததில்லையாம்.

காலைச் சோதனையை ஒரு நாளும் விடாதீர்கள். உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் மனைவி


ஜூன் 24

வாலுவின் அம்மாவுக்கு,

நலம். நீயும் நலம் என்பது உன் கையெழுத்தின் சாய்விலேயே தெரிகிறது. பதினோரு நிமிடத்துக்கு வாழ்த்துகள். நானாக இருந்தால் ஒன்பது. வடிகட்டிதான் முதலில் பார்க்க வேண்டிய இடம், இதைச் சொல்ல ஒரு தாடி தேவையில்லை. அந்தத் தாடிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? சும்மா பொது அறிவுக்காகக் கேட்கிறேன்.

வாலு கணக்கில் எழுபத்தெட்டு. எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டாள்.

காலைச் சோதனையைப் பற்றி எனக்கா சொல்கிறாய்? ஏழு மணிக்குப் போகிறேன். பெரியவரை எழுப்புகிறேன். கதிரை அளக்கும் அந்த விரல்நுனிக் குமிழை மேசையில் வைக்கிறேன். அறையை ஒரு சுற்றுப் பார்த்து, உள்ளே யாரும் இல்லை என்று காட்டும் கடைசி ஆள் பொத்தானை அமுக்கி, கதவை இழுத்துச் சாத்தி, வெளியே வந்து கதிரை விட்டு எண்ணைக் குறிக்கிறேன். குமிழுக்குள் இருப்பது வெறும் காற்று, காற்று லேசானால் எண் குறையும், அதனால் பாரோமீட்டரையும் பார்த்துக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். பார்க்கிறேன். நீ போட்டுவைத்த பழக்கப்படி எல்லோரும் பாரோமீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் படிக்கிறார்கள். உன் இடத்தில் வந்திருக்கிற புதுசுகூட, "மேடம் தட்டு தட்டிட்டீங்களா சார்?" என்கிறாள். தட்டுவதற்கு அது என்ன கதவா என்று புதுசைக் கேட்டேன். நான் தட்டுவதில்லை. தட்டாமலே இருபது நாளாக ஆயிரத்து எட்டில் ஆடாமல் நிற்கிறது. பொருள்களுக்கும் மரியாதை தெரிகிறது.

மழை தொடங்கும் போலிருக்கிறது. தலைக்கு எண்ணெய் வை.

வாலுவின் அப்பா


ஜூலை 6

என்னங்க,

நலம். உங்களுக்குச் சளி என்று வாலு சொன்னாள், இப்போது எப்படி? தாடிக்குக் கல்யாணமாகிப் பேத்தியும் இருக்கிறாள்.

இங்கே காலை எட்டு முதல் மாலை ஆறு வரை நிற்கிறோம். இந்த வாரம் கதிரை வடிவமாக வெட்டும் தகடுகள். நூற்றிருபது தகடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார், தீக்குச்சி கனம்தான் இருக்கும். ஒன்றை மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. ஒவ்வொரு திருகையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததால்தான். சந்தோஷத்தில்.

புதுசு என் நாற்காலியிலா உட்காருகிறாள்? அதன் உயரத்தை மாற்றினாளா? உங்கள் கடிதத்தில் அவள் இரண்டு தரம் வருகிறாள் என்று என் அறைத்தோழி எண்ணிச் சொன்னாள். நான் எண்ணவில்லை.

உங்கள் மனைவி


ஜூலை 19

வாலுவின் அம்மாவுக்கு,

நாங்கள் நலம், சளி மட்டும் வாடகை கொடுக்காமல் மூக்கில் குடியிருக்கிறது. பன்னிரண்டு நாளாக மழை. புயல் ஒன்று கடலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறதாம். துணி காயவில்லை. வாலு பள்ளிக்கூடத்துக்கு ஈரக் காலுறையோடு போகிறாள். நாற்காலி உயரம் மாறவில்லை. புதுசு உன்னைவிட உயரம் குறைவு, முக்காலி போட்டுக் கால் வைத்துக்கொள்கிறாள். மூன்றாவது தரமும் எழுதிவிட்டேன், எண்ணிக்கொள்ளச் சொல்.

இப்போது விஷயம். கேட்டால் தாடி கன்னத்தில் கை வைத்துக்கொள்வார், அதனால் அவரிடமும் சொல். ஒரு வாரமாகப் பெரியவர் சோர்ந்துபோனார். கதிர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பாரோமீட்டர் ஆயிரத்து எட்டில் அப்படியே இருக்கிறது, வெப்பம் சரி, அப்படியானால் குறை பெரியவரிடம்தானே? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டரை வந்ததும் நான் பொறுக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் தலைகாட்டுவதால் அமாவாசை என்று நாம் பெயர் வைத்திருக்கிற இயற்பியலர் வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தொடலாம் என்று விதி. விதி எழுதினவர்களுக்குப் பெரியவரைத் தெரியாது. புதன்கிழமை காலையில் நானே கதிரின் அளவைக் கூட்டும் திருகைத் திருப்பி ஏற்றிவிட்டேன். இப்போது நூற்றுக்கு நூறு. உன் பதினோரு நிமிடத்துக்கு எதிரே என் ஆறு நிமிடத்தை வைத்துக்கொள்.

பயிற்சிக்குப் போகாத ஆள் செய்தது. அதை மட்டும் அடிக்கோடிட்டு வாசி.

வாலுவின் அப்பா


ஜூலை 26, வெள்ளி மாலை

என்னங்க,

உங்கள் கடிதம் இன்று நான்கு மணிக்கு வந்தது. உடனே போன் செய்தேன். "அங்கே இன்னும் மழையா?" என்றேன். "மழையைப் பத்தி விசாரிக்கவா கூப்பிட்ட, பொறாமையில கூப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். உதிரிபாகம் கொண்டுவரும் வண்டி இன்று கிளம்புகிறது, டிரைவர் நாளைக் காலை உங்கள் கையில் கொடுப்பார்.

பன்னிரண்டு நாள் புயல் மழையில் எந்தப் பாரோமீட்டரும் ஒரே இடத்தில் நிற்காது.

இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை. பதினேழு வருட சர்வீஸ் உங்களுக்கு.

நாளையும் மறுநாளும் சிகிச்சை கிடையாது. திங்கள் எட்டரைக்கு முதல் நோயாளி படுப்பார். எட்டு மணிக்கு நான் இயற்பியலரைக் கூப்பிடுவேன். அதற்கு முன்னால் நீங்கள் கூப்பிட்டிருந்தால், நான் இரண்டாவதாகக் கூப்பிட்டவள். அவ்வளவுதான்.

வாலுவுக்குக் காலுறையை இஸ்திரிப் பெட்டியால் காய வைத்துக் கொடுங்கள்.

உங்கள் மனைவி


ஜூலை 31

வாலுவின் அம்மாவுக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தைச் சனிக்கிழமை நாலு தரம் படித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் உன்னையும் தாடியையும் அந்த டிரைவரையும் சேர்த்துத் திட்டினேன், பாவம் அவன் டீ வேண்டுமா என்றுதான் கேட்டான். மூன்றாம் தரம், நாலாம் தரம் ஒன்றும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாலுவிடம் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காவலாளி, "லீவு நாள்ல என்ன சார், வீட்டுல மேடம் இல்லன்னு போரடிக்குதா?" என்றான். ஆமாம் என்றேன்.

பாரோமீட்டருக்கு முன்னால் நின்றேன். ஆயிரத்து எட்டு. ஒரு தட்டுத் தட்டினேன். முள் கொஞ்சம் நடுங்கியது. இன்னொரு தட்டு. விழுந்தது பார், தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில் போய் நின்றது. எத்தனை நாளாகச் சிக்கிக்கொண்டிருந்ததோ. காற்றுதான் லேசாகியிருந்தது. பெரியவர் சோரவே இல்லை. சரியாக இருந்தவரை நான் ஏற்றிவிட்டிருக்கிறேன். புதனிலிருந்து எட்டு வேலைநாள். பதினான்கு பேர்.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். அறையில் யாரும் இல்லை. திருகு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திருப்பி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை, "பெரியவர் தானாகத் தேறிவிட்டார்" என்று எழுதினால் யார் கேட்பார்கள்? நீ கேட்டிருப்பாய். உன்னை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் பதினான்கு பேர் மிச்சம் இருந்தார்கள். அதில் தொண்டையில் கதிர் வாங்குகிற தையற்காரர் ஒருவர். தினமும் என்னிடம், "இன்னிக்குக் கொஞ்சம் கம்மியா போடுங்க தம்பி, எரியுது" என்று விளையாட்டாகச் சொல்வார். நானும், "தள்ளுபடி எல்லாம் கிடையாதுண்ணே" என்பேன். அந்த எட்டு நாளும் சொன்னேன்.

இன்னொன்றும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஞாபகப்படுத்தவில்லை, அதுதான் எனக்கு எரிகிறது. நீ சேர்ந்த முதல் வாரம், "முள் சில நேரம் ஒட்டிக்கும், ரெண்டு தட்டு தட்டிட்டுப் பாரு" என்று சொன்னதே நான்தான். நீ ஒரு நாள் விடாமல் தட்டினாய். போகப் போக எல்லோரும் அதை மேடம் தட்டு என்றார்கள். என் தட்டு உன் பெயரில் போனதும் எனக்குத் தட்டப் பிடிக்கவில்லை. இவ்வளவுதான் காரணம். அமாவாசை கேட்டபோது காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். வேறு சொல் எழுதக் கட்டம் சிறியது.

திங்கள் ஏழு நாற்பதுக்குக் கூப்பிட்டேன். பதினொரு மணிக்கு வந்தார். அன்று முழுக்கச் சிகிச்சை நிறுத்தம். ஒவ்வொரு நோயாளியிடமும் நானே போய்ச் சொன்னேன். கூடுதலாகப் போனது நூற்றுக்கு ஒன்றரை, எல்லைக்குள்தான் இருக்கிறது, மீதி நாட்களில் குறைத்து ஈடுகட்டிவிடலாம் என்று டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். தையற்காரர், "அப்ப எனக்கு இனிமே தள்ளுபடி உண்டுன்னு சொல்லுங்க" என்றார். அவருக்கு முன்னால் சமாளித்துக்கொண்டேன்.

காலைச் சோதனையில் கையெழுத்துப் போடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு. இப்போது புதுசு போடுகிறாள், நான் குமிழைத் தூக்கிக் கொடுக்கிறேன்.

அமாவாசையிடம், வேறு யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். "உங்க வீட்டம்மா கரெக்டா எட்டு மணிக்குக் கூப்பிட்டாங்க. யாராவது கூப்பிட்டாங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். சரின்னு வெச்சுட்டாங்க" என்றார்.

பொறுப்பாளர் பதவிக்கு உன்னை எடுத்தது சரிதான். இதை நான் இனி ஒரு தரமும் எழுத மாட்டேன், பத்திரப்படுத்திக்கொள்.

வாலுவின் அப்பா


ஆகஸ்ட் 21

வாலுவின் அம்மாவுக்கு,

மூன்று வாரம் ஆயிற்று. தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று தூரத்திலேயே சொல்லிவிடுகிறார், நடக்கிற சிரமமாவது மிச்சமாம். உன் அக்காவுக்கு இரண்டு கடிதம் வந்ததாகக் கேள்வி.

என்மேல் கோபமா? கோபமென்றால் எழுதிக் கோபப்படு. உடம்பு சரியில்லையா? வாலு உன்னிடம் போனில் பேசிவிட்டு என்னிடம், "அம்மா ராத்திரியெல்லாம் படிக்கிறாங்களாம், ஏதோ பேசணுமாம்" என்றாள். என்ன பேசணும், யாரிடம்?

மழை விட்டுவிட்டது. பாரோமீட்டர் ஆயிரத்து ஐந்து. தட்டிவிட்டுத்தான் பார்த்தேன்.

வாலுவின் அப்பா


செப்டம்பர் 2

என்னங்க,

நலம். கோபமில்லை. சொல்லப் பயமாக இருந்தது, அதனால்தான் எழுதவில்லை.

கடைசி மதிப்பெண்ணில் பாதி ஒரு உரைக்கு. ஒவ்வொருவரும் தங்கள் ஆஸ்பத்திரியில் உண்மையாக நடந்த ஒரு கோளாறைப் பற்றிப் பேச வேண்டும். நான் முதலில் குளிர்நீர்ப் பம்பைப் பற்றி எழுதி வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அதைக் கிழித்துவிட்டு, ஒட்டிக்கொண்ட முள்ளைப் பற்றிப் பேசினேன். ஆஸ்பத்திரியின் பெயர் சொல்லவில்லை. முதல் மதிப்பெண் எனக்கு.

திட்டுங்கள். போனிலேயே திட்டலாம், இந்தத் தரம் நான் வைக்க மாட்டேன்.

உங்கள் மனைவி


செப்டம்பர் 10

வாலுவின் அம்மாவுக்கு,

உடம்பு நலம். மனசைப் பற்றிப் பிறகு பேசலாம்.

தப்புச் செய்தது நான். மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தது நான். பதினான்கு பேர் முன்னால் போய் நின்றது நான். முதல் மதிப்பெண் உனக்கா? ஒரு குடும்பத்தில் இப்படி நியாயம் உண்டா? நீ எத்தனை நிமிடம் பேசினாய்? இருபதா? அந்த இருபது நிமிடத்துக்கான சரக்கு முழுக்க என் உழைப்பு. தாடி கைதட்டினாரா? அந்தக் கைதட்டலில் பாதியாவது எனக்குச் சேர வேண்டும்.

நாலு நாள் இப்படி வயிறெரிந்துவிட்டு, நேற்றுப் பாத்திரம் கழுவும்போது ஒரு கேள்வி வந்தது. என்னை அங்கே என்னவென்று சொன்னாய்? 'ஒரு ஊழியர்' என்றா, 'ஒரு முட்டாள்' என்றா?

வாலுவின் அப்பா


செப்டம்பர் 18

என்னங்க,

நலம். சாப்பிடுங்கள்.

முதலில் 'அனுபவமுள்ள தொழில்நுட்பர் ஒருவர்' என்றுதான் சொன்னேன். முடித்ததும் பின்வரிசையில் ஒருவன், "இப்படி ஒரு மடையனை எப்படி வேலைக்கு வெச்சிருந்தாங்க?" என்று கேட்டான். நாலைந்து பேர் சிரித்தார்கள். "அவர் என் வீட்டுக்காரர். எனக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர்" என்றேன். தாடி எழுந்து, "ஞாயித்துக்கிழமை தனியா அந்தத் திருகு முன்னாடி நின்னா, திங்கக்கிழமை ஏழு நாப்பதுக்குக் கூப்பிடுவேன்னு இங்க நிச்சயமாச் சொல்றவங்க கை தூக்குங்க" என்றார். யாரும் தூக்கவில்லை.

நானும் தூக்கவில்லை. அதைத்தான் இத்தனை நாள் எழுத முடியாமல் இருந்தேன். எட்டு மணிக்குக் கூப்பிடுவது சுலபம், அது அடுத்தவர் தப்பு. அன்றைக்கு எனக்கு உங்கள்மேல் பொறாமையாக இருந்தது.

நவம்பர் முப்பதாம் தேதி வருகிறேன். நாற்காலியைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி


டிசம்பர் 9

அனுப்புநர்: உதவித் தொழில்நுட்பர், கதிர் சிகிச்சைப் பிரிவு.
பெறுநர்: பொறுப்பாளர் அவர்கள், கதிர் சிகிச்சைப் பிரிவு.
பொருள்: அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குப் பரிந்துரை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தாங்கள் நலமாக இருப்பதை இன்று காலை காப்பி கொடுக்கும்போது நேரில் கண்டேன். நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் இதே வேண்டுகோளை வாய்மொழியாக வைத்தபோது, "எழுத்துல கொடுங்க, பார்க்கலாம்" என்று தாங்கள் உத்தரவிட்டபடி இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. தவறு ஒன்று பதிவேட்டில் உள்ளது, என் கையெழுத்தில். கையெழுத்து உரிமை பிப்ரவரியில் திரும்புகிறது. புது இயந்திரத்தை உள்ளே திறந்து பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. போன தரம் பரீட்சை எழுதியபோது எனக்குப் பதவி வேண்டியிருந்தது, இயந்திரம் அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. அது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. என்னை அனுப்பினால் ஆறு மாதம் வீட்டையும் வாலுவையும் பெரியவரையும் தாங்கள் ஒருவரே பார்க்க நேரும் என்பதை அறிவேன். அதற்காக மகிழ்ச்சி அடையவில்லை என்று உறுதி கூறுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
உதவித் தொழில்நுட்பர்


விண்ணப்பத்தின் அடியில், பச்சை மையில்:

பரிந்துரைக்கிறேன். இவரைப் போல இந்தப் பயிற்சி தேவைப்படுகிறவரும் இதற்குத் தகுந்தவரும் இந்தப் பிரிவில் வேறு இல்லை.

பொறுப்பாளர்


அதற்கும் அடியில், பென்சிலில்:

ஒரே நிபந்தனை. அங்கே முதல் மதிப்பெண் வாங்கக் கூடாது.